வைகறை நகர் தண்ணீர்த் தொட்டியின் கீழ் மூன்று ஆட்சிகள்

இயேசு மரி சூசை

17, மூன்றாம் தெரு,
வைகறை நகர்,
திண்டிவனம்.
14-10-2025

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் சவுரிராயன் அவர்களுக்கு,

திண்டிவனத்திலிருந்து அமிர்தசாமி எழுதுவது. விழுப்புரத்தில் நீங்களும் தங்கச்சியும் பிரின்சியும் ஆண்டவர் கிருபையில் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் உங்கள் அக்காள் லூர்துசெல்வியும் உடம்பளவில் நலம். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம். ஆனால் ஒன்பது நாளாக அவள் எனக்குச் சோறு போடும்போது "முன்னாள் தலைவருக்கு ரசம் வேணுமா" என்றுதான் கேட்கிறாள். இதைப் போனில் சொன்னால் அவள் காதில் விழும். வாட்ஸப்பில் எழுதினால் உங்களுக்கு முன்னால் பிரின்சி படித்துவிடுவாள். ஆகவேதான் தபால்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஆவணி மாதம் குடித்தனக்காரர் காலி செய்த உங்கள் மாடிப் போர்ஷனை எனக்கு ஒதுக்கித் தர வேண்டும். நான் மட்டும் வருகிறேன், உங்கள் அக்காள் வர மாட்டாளாம், காரணம் கீழே வருகிறது. பொதுவாழ்க்கை என்பதே இல்லாத ஒரு தெருவில், சங்கம், தலைவர், தீர்மானம் என்ற சொற்கள் காதில் விழாமல், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற ஒரு வீட்டில் மிச்சக் காலத்தைக் கழிக்க ஆசைப்படுகிறேன். நடந்ததைக் கேட்டால் நீங்களே மாடியைக் கழுவி விட்டு வைப்பீர்கள்.

நான் முப்பத்தோரு வருஷம் சமூக அறிவியல் நடத்தியவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் ஆண்டால் முடியாட்சி, சிலர் ஆண்டால் உயர்குடியாட்சி, எல்லோரும் சேர்ந்து ஆண்டால் மக்களாட்சி, ஒவ்வொன்றும் எப்படிக் கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்து எழுதினால் ஐந்து மதிப்பெண். இந்த மூன்றையும் நாலே மாதத்தில் ஒரே தண்ணீர்த் தொட்டியின் கீழ் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எங்கள் வைகறை நகரில் நாலு தெரு, தொண்ணூற்றிரண்டு வீடு. நகராட்சிக் குழாய்த் தண்ணீர் இன்னும் எங்களை எட்டவில்லை, சங்கத்தின் ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும்தான் கதி. பதினான்கு வருஷமாகத் தலைவர், மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்யும் பெரியசாமி. வருஷத்துக்கு ஒரு முறை அவர் வீட்டு மொட்டை மாடியில் பொதுக்கூட்டம் நடக்கும். "நானே தொடரட்டுமா" என்று அவர் கேட்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் போண்டாத் தட்டு மாடிப்படி ஏறி வரும். கைதட்டல் தலைவருக்கா போண்டாவுக்கா என்று பதினான்கு வருஷமாக யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அவர் குடியிருக்கும் முதல் தெருவுக்கு ஒரு மணி நேரம் தண்ணீர், நாலாம் தெருவுக்குப் பத்து நிமிஷம். கேட்டால் "அது மேடு" என்பார். மழை பெய்தால் நகரின் தண்ணீர் முழுக்க ஓடிப்போய்த் தேங்குவது அந்த மேட்டில்தான்.

ஜூன் மாதக் கூட்டத்தில் போண்டா வருவதற்கு முன்பாகவே நான் எழுந்துவிட்டேன். "தலைவரே, பதினாலு வருஷமா நீங்களேதான் இருக்கறீங்க. இது சங்கமா, முடியாட்சியா?" என்று கேட்டேன்.

பெரியசாமி தலையைத் தடவிக்கொண்டார். "இன்னா சார், முடியப் பத்திலாம் பேசறீங்க. எனக்கு அதுவே கொட்டிக்கினு இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் நின்றேன். மக்களிடம் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பத்து நிமிஷம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கீழே போய், பதினேழு சாவி தொங்கும் ஒரு வளையத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "எனக்கு மண்டியில ஆயிரம் வேலை கீது. இனிமே சாரே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு போண்டாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மன்னர்கள் இப்படி இறங்கிப் போவதாக எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, மச்சான். நான் எதிர்ப்புக்குத்தான் தயாராக வந்திருந்தேன், சாவிக்குத் தயாராக வரவில்லை.

தனியாக ஆளக் கூடாது என்ற கொள்கைப்படி, படித்தவர்களாக ஐந்து பேரைச் சேர்த்து அறிஞர் அவை ஒன்றை அமைத்தேன். ஓய்வுபெற்ற பொறியாளர் சீனுவாசன், ஒரு டாக்டர், ஒரு வங்கி மேலாளர், ஒரு கல்லூரிப் பேராசிரியர், நான். சீனுவாசன் வீட்டுக் கூடத்தில் ஏசி இருந்ததால் அங்கேயே கூடினோம். இரண்டு மாதத்தில் பதினொரு கூட்டம். முதல் மூன்று கூட்டங்கள் அவைக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் போயின. மோட்டாரை மனிதர்கள் நிறுத்தக் கூடாது, தொட்டி நிறைந்தால் அதுவாகவே நிற்க வேண்டும் என்று சீனுவாசன் ஒரு கருவியைப் பொருத்தினார். பதினோராவது கூட்டத்தன்று அந்தக் கருவிக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, தொட்டி வழிந்து, தண்ணீர் தெருவில் இறங்கி நாலாம் தெரு வரைக்கும் போய்விட்டது. யாரோ வந்து கதவைத் தட்டிச் சொன்னார்கள். மோட்டாரை நிறுத்துவது தொழில்நுட்ப முடிவா, நிர்வாக முடிவா என்று எங்களுக்குள் விவாதம் தொடங்கியது. தொழில்நுட்பம் என்றால் சீனுவாசன் போக வேண்டும், நிர்வாகம் என்றால் நான் போக வேண்டும், வெளியே மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அம்சா உள்ளே வந்தாள். கண்டாச்சிபுரத்திலிருந்து வந்து நாலாம் தெருவில் வாடகைக்கு இருப்பவள், வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருக்கிறாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"அஞ்சு பேரும் படிச்சவங்கதான? மோட்டாரு ஓடிக்கினே இருக்குது. என் மாவு அண்டா மெதந்துக்கினு தெருவோட போவுது. ஜல்தியா யாராச்சும் எழுந்து வந்து சுவிட்ச அமுத்துங்க" என்றாள்.

பேராசிரியர் அவளைப் பார்த்து, "அதுதாம்மா பரிசீலனையில இருக்குது" என்றார்.

அம்சா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய், ஈரக் கை படாமல் அதன் கட்டையாலேயே சுவிட்சைத் தள்ளி மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து, துடைப்பத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். போகும்போது, "பெரியசாமி அண்ணனயாவது வருஷத்துக்கு ஒரு வாட்டி பாத்துக் கேக்கலாம். உங்கள யாரு சார் கேக்கறது?" என்றாள். அன்றைய கூட்டக் குறிப்பில் 'அவையின் மேற்பார்வையில் மோட்டார் நிறுத்தப்பட்டது' என்று பதிவாகியிருக்கிறது. அந்த வரியை எழுதியவன் நான்தான். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவள் கேட்டது என்னை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. யாரும் கேட்க முடியாதவர்கள் எவ்வளவு படித்திருந்தாலும் என்ன பிரயோசனம் என்று யோசித்து, அவையைக் கலைத்துவிட்டு, சோழர் காலத்து உத்திரமேரூர்க் குடவோலை முறைக்குப் போனேன். பெயர்களைச் சீட்டில் எழுதிப் பானையில் போட்டு, வெளியாள் ஒருவர் கையை விட்டு எடுப்பது. சீட்டுக்குப் போண்டாவும் தெரியாது, படிப்பும் தெரியாது. அதோடு என் சொந்தச் சரக்காக மூன்று விதிகளைச் சேர்த்தேன். தலைவர் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குத் தொட்டியடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும், தலைவரின் உறவினர்களுக்கு எந்தச் சலுகையும் கிடையாது, நகரில் வாழ்வோர் நாற்பது பேர் கையெழுத்திட்டால் அந்த நிமிஷமே தலைவர் இறங்கிவிட வேண்டும். விதிகளை வீட்டில் உரக்கப் படித்துப் பார்த்தபோது உங்கள் அக்காள் பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். "ஏங்க, நாப்பது போதுமா? நல்லா யோசிச்சிக்கோங்க" என்றாள். மக்களாட்சியில் அவளுக்கு இவ்வளவு அக்கறை இருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் சீட்டு எடுத்தோம். மின்சார மீட்டரில் அளவு எடுக்க வந்த தையல்நாயகி மயிலத்துக்காரி, எங்கள் விவகாரம் எதுவும் தெரியாதவள். அவளைக் கூப்பிட்டோம். பானைக்குள் கையை விட்டவள், "எந்தப் பேரு வந்தா உங்களுக்குச் சந்தோஷம்னு சொல்லிட்டீங்கனா தேடி எடுத்துத் தர்றேன், எனக்கு இன்னும் அறுவது ஊடு பாக்கி கீது" என்றாள். அப்படியெல்லாம் கூடாது என்று நான் விளக்கத் தொடங்கியதும் கைக்கு வந்ததை எடுத்து நீட்டிவிட்டாள். பிரித்தால் அமிர்தசாமி.

பெரியசாமிதான் மெதுவாகக் கேட்டார். "சீட்டு எழுதுனது யாரு?"

"நான்தான்."

"மடிச்சது?"

"நான்தான்."

"பானை?"

"எங்க வீட்டுதுதான்."

மீதி எல்லாச் சீட்டையும் பிரித்துப் பார்த்து, எல்லாவற்றிலும் என் பெயரையே எழுதிவைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் ஒப்புக்கொண்டார்கள். அப்படிப் பிரித்துப் பரப்பியதில் இன்னொன்றும் தெரிந்துபோனது. அம்சா சீட்டுகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க பேருலாம் எங்க சார்?" என்றாள். உத்திரமேரூரிலும் சொந்த வீடு, சொந்த நிலம் உள்ளவர்களைத்தான் சேர்த்தார்கள் என்று சொன்னேன். "குடியிருக்கறவங்க பேரு இல்லாத பானைக்கு எதுக்கு சார் குடவோலைனு பேரு?" என்றாள். குடம் வேறு, குடி வேறு என்று ஞாயிற்றுக்கிழமை விளக்குவதாகச் சொல்லி அனுப்பினேன். மச்சான், உண்மையைச் சொல்கிறேன், அன்று என் பெயர் வந்ததில் எனக்கு உள்ளுக்குள் ரொம்பவும் மகிழ்ச்சி. ஆண்டவரே எடுத்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன்.

என் ஆட்சி சரியாக ஒரு மாதம் நடந்தது. நாலு தெருவுக்கும் சமநீதி கிடைக்க வேண்டும் என்று நாலு நிறத்தில் ஓர் அட்டவணை போட்டேன். ஒவ்வொரு தெருவின் முறையும் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகும், ஞாயிறு மட்டும் தலைகீழாக வரும். நீதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். ஜனங்கள் குழாயடியிலேயே காத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் நான் தவறாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் ஞாயிறன்று முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லி முடித்தபோது மணி பதினொன்றரை. கேட்டவர் நடுவில் எழுந்து இரண்டாம் பூசைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டிருந்தார். கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டாலே பொறுப்பு முடிந்தது என்று அப்போது எனக்கு எண்ணம்.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பங்குக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம். இருபத்தாறு பேரும் பங்குச் சாமியாரும் வருவதாக ஏற்பாடு. மாலை நாலு மணிக்கு வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அட்டவணைப்படி எங்கள் தெருவின் முறை ஏழரை மணிக்கு.

"சாவி உங்க பையிலதான இருக்குது?" என்று லூர்துசெல்வி கேட்டாள்.

"இருக்குது. ஆனா முறை இன்னும் வரலியே."

"சாமியார் வர்றாருங்க. கை கழுவக்கூடத் தண்ணி இல்ல. அஞ்சு நிமிஷம் தொறந்து வுட்டா போதும்."

"தலைவர் ஊட்டுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு இருக்கக் கூடாது செல்வி."

அவள் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு நாலாம் தெருவுக்குப் போனாள். திரும்பி வரும்போது அம்சாவும் இன்னும் மூன்று பெண்களும் கூடவே ஆளுக்கொரு குடத்தோடு வந்தார்கள். கடைக்கென்று அம்சா சேர்த்து வைத்திருந்த தண்ணீர் அது. சாமியார் அதில்தான் கை கழுவினார், இருபத்தாறு பேரும் அதில் போட்ட காபியைத்தான் குடித்தார்கள், நானும் குடித்தேன். செபம் நடக்கும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். சொந்த மனைவிக்குக்கூட வளையாத தலைவன் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்ததால், அன்று வாசித்தது எந்த நற்செய்தி என்பது எனக்கு நினைவில்லை.

அதற்கடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, அக்டோபர் ஐந்து. தொட்டியடியில் வரிசை நின்றது. ஐந்தாவது ஆளாக உங்கள் அக்காள், கையில் காய்கறிப் பையோடு. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. முறை வந்ததும் எல்லோரையும் போலவே முன்னால் வந்து நின்றாள்.

"தலைவருங்களே, மூணாவது தெரு, பதினேழாம் நெம்பர் ஊடு. பேரு லூர்துசெல்வி. ஒரு கேள்விதான். இந்த அட்டவணைய போடறதுக்கு முன்னாடி, தண்ணி புடிக்கறவங்க யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பங்கீட்டில் நீதின்னு எடுத்துக்கிட்டா, அதுல மூணு வகை..."

"கேட்டீங்களா, கேக்கலியா?"

"கேக்கல."

"நீங்க கடைசியா எப்ப ஒரு கொடம் தண்ணி புடிச்சீங்க?"

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன், மச்சான். ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் பிடித்தது ஞாபகம் வந்தது. எண்பத்தாறாம் வருஷம். அதையே சொன்னேன். யாராவது சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஒருவரும் சிரிக்கவில்லை. எதிரே நின்ற முகங்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் பெண்கள். என் பானையில் இருந்த தொண்ணூற்றிரண்டு சீட்டில் பெண்கள் பெயர் ஒன்பதுதான்.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அதில் முப்பத்தொன்பது கையெழுத்து இருந்தது. விதியை எழுதும்போது நான் 'வீட்டு உரிமையாளர்' என்று போடாமல், ஓசை நன்றாக இருக்கிறதே என்று 'நகரில் வாழ்வோர்' என்று போட்டிருந்தேன். அந்த ஒரு சொல் வழியாக வாடகைக்காரர்கள், அவர்கள் மாமியார்கள் என்று எல்லோரும் உள்ளே வந்திருந்தார்கள். "பேனா குடுங்க" என்று என் சட்டைப் பையிலிருந்தே எடுத்து, என் நாற்காலியின் கைப்பிடியில் தாளை வைத்து, நாற்பதாவது கையெழுத்தை அவள் போட்டாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் திருமணப் பதிவேட்டில் அதே கையெழுத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பேனாவை மூடி என் பையிலேயே திரும்பச் செருகினாள்.

நான் எழுந்துவிட்டேன். சாவி வளையத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். மதியம் அவள் வந்ததும், "ஏன் செல்வி போட்ட?" என்று கேட்டேன்.

"சொந்தக்காரங்களுக்குச் சலுகை இல்லன்னு நீங்கதான எழுதுனீங்க."

"அன்னிக்குத் தண்ணி தொறக்கலன்னு கோவமா?"

அவள் தட்டை எடுத்து வைத்தாள். "தண்ணி குடுக்காததுக்குப் போடல. குடுக்காம வுட்டதுல உங்களுக்கு ஒரு பெருமை வந்துச்சு பாருங்க, அதுக்குப் போட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். முப்பத்தோரு வருஷத்தில் எந்த ஆய்வாளரும் என் வகுப்பில் உட்கார்ந்து இவ்வளவு சுருக்கமாகக் குறிப்பு எழுதியதில்லை.

நான் போன பிறகு நடந்ததை சீனுவாசன் வந்து சொன்னார். பானையை யாரும் கேட்கவில்லையாம். வீட்டுக்காரர், வாடகைக்காரர், ஆண், பெண் என்று நின்றவர்கள் எல்லோருமாகக் கையைத் தூக்கி அம்சாவைத் தலைவராக்கிவிட்டார்கள். அவள் முதல் வேலையாகப் பெரியசாமியைக் கூப்பிட்டாளாம். "அண்ணே, அந்த மோட்டாரு இருமுறது தும்முறதுலாம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே போடுங்க, நீங்களே நிறுத்துங்க. ஆனா எத்தினி மணிக்கு எந்தத் தெருவுக்கு வுட்டீங்கனு பலகையில எழுதணும். தப்பா எழுதுனீங்கனா மறுநாளே வேற ஆளு." அடுத்தது சீனுவாசன். "சார், நீங்க படிச்சத வெச்சு நாலாந்தெருவுக்கு ஏன் தண்ணி ஏறலனு மட்டும் பாத்துச் சொல்லுங்க. மீட்டிங்லாம் வேணாம்." அவர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். நாலாம் தெருவுக்குப் போகும் குழாயின் வால்வு பாதி மூடியே கிடந்திருக்கிறது. பதினான்கு வருஷத்து மேடு அதுதான். பெரியசாமி "எனக்கே தெரியாதுப்பா" என்றாராம், ஆனால் அன்றைக்கே போய்த் திறந்தும் விட்டாராம். பலகைக்கு எதிரே தினமும் நின்று சரிபார்ப்பதற்கு நாலு தெருவுக்கும் நாலு பெண்கள். மூன்றாம் தெருவுக்கு உங்கள் அக்காள். அதனால்தான் அவள் விழுப்புரம் வர மாட்டாளாம், "பலகைய யாரு பாப்பாங்க" என்கிறாள்.

ஒன்பது நாளாக எல்லாத் தெருவுக்கும் அரை மணி நேரம், சொன்ன நேரத்தில் தண்ணீர் வருகிறது. மோட்டாருக்கு ஒருவர், யோசனைக்குச் சிலர், கேட்பதற்கு எல்லோரும் என்று மூன்று ஆட்சியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு ஒரே தொட்டியின் கீழ் நிற்கின்றன. இதற்குக் கலப்பு அரசு என்று பெயர். பாடத்தின் கடைசியில் ஒரு பெட்டிக்குள் வரும், நான்தான் நேரமில்லாத வருஷங்களில் 'இதிலிருந்து கேள்வி வராது' என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். பெரியசாமி பலகையில் 'தண்ணிர்' என்று எழுதுகிறார். திருத்தலாம் என்று சாக்பீஸை எடுத்தேன், நாலு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள், வைத்துவிட்டேன். ஆக, இந்த நகரில் என்னிடம் யாரும் கேட்பதற்கு ஒன்றுமில்லை, நான் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. அந்த நாற்காலியில் இப்போது அம்சா உட்கார்கிறாள், "ஆமா", "இல்ல", "நாளைக்குச் செஞ்சிடறேன்" என்ற மூன்று பதிலில் எல்லாக் கேள்வியையும் முடித்துவிடுகிறாள். காலை பத்தரைக்கெல்லாம் தொட்டியடி காலி.

ஆகவே மச்சான், மாடியில் ஒரு கட்டிலும் மின்விசிறியும் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள். தங்கச்சியின் முழங்கால் வலி குறைந்திருக்க மாதாவை வேண்டுகிறேன். பிரின்சிக்குப் பரீட்சை நல்லபடி முடிய என் ஆசீர். ஆண்டவர் உங்கள் குடும்பத்தைச் சகல விக்கினங்களிலிருந்தும், குறிப்பாகப் பொதுக்கூட்டங்களிலிருந்தும், காத்து நடத்துவாராக.

இப்படிக்கு,
பொதுவாழ்க்கையைத் துறந்த,
அமிர்தசாமி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் லூர்துசெல்வி பலகையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். முதல் பக்கத்திலேயே சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள், உங்கள் தெருவில் நலச் சங்கம் ஒன்று இருக்கிறதாம், பத்தொன்பது வருஷமாக அதற்குத் தலைவர் நீங்கள்தானாம், தேர்தல் என்று ஒன்று ஒரு முறையும் நடந்ததே இல்லையாம். எத்தனை விருந்துக்கு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னதுண்டா மச்சான்? மேலே எழுதியவை அனைத்தையும், பொதுவாழ்க்கையைத் துறந்தது உட்பட, ரத்து செய்துகொள்ளவும். மாடி வேண்டாம். வருகிற ஞாயிறன்று முதல் பஸ்ஸிலேயே நாங்கள் இருவரும் வருகிறோம். கேள்விகளை அவளே எழுதித் தருகிறாளாம், நான் நீட்டாமல் கேட்டால் போதுமாம். பஸ்ஸில் ஒத்திகை. தங்கச்சியிடம் எலும்புக் குழம்பு வைக்க வேண்டாம் என்று சொல்லவும். சாப்பிட்ட பிறகு என்னால் யாரையும் கேள்வி கேட்க முடியாது.